அத்தையோடு பார்த்த அரண்மனைத் தொடர்

அத்தைக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே டிவி சீரியல்கள் சலித்துவிட்டன. "ஒரு அறை விடறதுக்கு மூணு நாளு ஆக்கறானுங்க கண்ணு" என்று ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டார்.

நான் அப்போது இரவில் எல்லோரும் தூங்கியபிறகு காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஒரு சீனத் தொடர் பார்த்துக்கொண்டிருந்தேன். 2018இல் வந்த 'ஸ்டோரி ஆஃப் யன்ஷி பேலஸ்'. கதை 1741ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் தொடங்குகிறது. சீனாவை மஞ்சு இனத்துச் சிங் அரசமரபு ஆண்ட காலம். அரியணையில் சியன்லோங். அக்காவின் சாவுக்கு யார் காரணம் என்று கண்டுபிடிப்பதற்காக, பூத்தையல் வேலைக்காரியாக அரண்மனைக்குள் நுழைகிறாள் வெய் யிங்லுவோ என்ற பெண். யாராவது அவளை ஒன்று சொன்னால் அழுதுகொண்டு மூலையில் உட்கார மாட்டாள். அடுத்த எபிசோடுக்குள் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அந்த வருடம் கூகுளில் உலக அளவில் மிக அதிகம் தேடப்பட்ட தொடர் இது. இத்தனைக்கும் சீனாவில் கூகுளே கிடையாது.

சரி, அத்தைக்கும் போட்டுக் காட்டுவோம் என்று டேப்லெட்டைத் தலையணையில் சாய்த்து வைத்தேன். அவருக்கு ஆங்கில சப்டைட்டில் ஓடும் வேகத்துக்குப் படிக்க வராது. நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்ல வேண்டும். 70 எபிசோடு, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். மொத்தம் ஐம்பது மணி நேரத்துக்கு மேல் என் தொண்டைதான் டப்பிங்.

முதல் பிரச்சினை பெயர்கள். ஃபுச்சா, நாரா, ஹுயி, சுன், லிங் என்று நான் சொல்லச் சொல்ல அத்தை தலையை ஆட்டினாரே தவிர ஒன்றும் ஏறவில்லை. மூன்றாம் நாள் அவரே வழி கண்டுபிடித்தார். பேரரசி ஃபுச்சா 'வெள்ளை மகாராணி'. எப்போதும் எரிந்து விழும் காவ் 'கத்தறவ'. அமைதியாக இருந்து பிறகு விஷமாகும் நாரா 'ஊமைக்கோட்டான்'. நம் நாயகி 'பொடிப்புள்ள'. புதிதாகச் சீனத் தொடர் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் யோசனை இதுதான். முதல் பத்து எபிசோடு வரை சீனப் பெயர்களை மனப்பாடம் செய்ய முயலாதீர்கள், முகத்துக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுங்கள். நிஜப் பெயர் பிறகு தானாக ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது பிரச்சினை பட்டங்கள். இதற்கு மட்டும் நோட்டுப் புத்தகம் எடுத்தேன். சிங் அரண்மனையில் பேரரசரின் மனைவியருக்கு எட்டுப் படிகள். உச்சியில் பேரரசி ஒருவர். அடுத்து ஹுவாங்குயிஃபெய் ஒருவர், குயிஃபெய் இருவர், ஃபெய் நால்வர், பின் ஆறு பேர். அதற்குக் கீழே குயிரென், சாங்சாய், தாயிங் என்று மூன்று படி, அவற்றுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. பேரரசிக்கு ஆண்டுக்கு 1000 தேல் (பழைய சீன எடை அளவு) வெள்ளி, கடைசிப் படியிலுள்ள தாயிங்குக்கு 30 தேல். இந்த ஒரு பக்கத்தை எழுதி வைத்தபிறகுதான் யார் யாருக்கு முன்னால் மண்டியிடுகிறார்கள், ஒருத்திக்குப் பட்டம் ஏறியதும் அறையில் இருக்கிற எல்லோர் முகமும் ஏன் மாறுகிறது என்பதெல்லாம் புரிய ஆரம்பித்தது. அதுவரைக்கும் அழகான உடுப்பு போட்டவர்கள் மாறி மாறிக் கும்பிடுகிறார்கள் என்றுதான் இருந்தது.

தமிழில் சொல்லிக்கொண்டு பார்த்ததில் எதிர்பாராத லாபம் ஒன்று. ஆங்கில சப்டைட்டிலில் எல்லோரும் 'நான்' என்றுதான் பேசுவார்கள். ஆனால் காதைக் கொஞ்சம் தீட்டிக் கேட்டால் ஆளுக்கொரு 'நான்' இருப்பது தெரியும். வேலைக்காரர்கள் 'நூட்சாய்' என்பார்கள், அடிமை என்று பொருள். பேரரசரிடம் பேசும் மனைவி 'சென்சியெ' என்பாள். அதே மனைவி தன் மாளிகையில் பணிப்பெண்களிடம் பேசும்போது 'பென்கோங்' ஆகிவிடுவாள், 'இந்த மாளிகை' என்று. பேரரசரின் 'நான்' இன்னும் தனி, 'ஜென்', அதை வேறு யாரும் வாயில் எடுக்க முடியாது. தமிழில் நமக்கு 'அடியேன்' இருக்கிறது, 'யாம்' இருக்கிறது. நான் பணிப்பெண்ணுக்கு 'அடியேன்' போட்டுச் சொல்ல ஆரம்பித்தபிறகு அத்தை சில இடங்களில் என்னை முந்திக்கொண்டார். "இப்ப 'அடியேன்'னு சொல்லல பாரு, திமிரு வந்துருச்சு!" சப்டைட்டிலை மட்டும் படித்திருந்தால் எனக்கே அது தெரிந்திருக்காது.

நான் செய்த பெரிய தவறு இருபதாவது எபிசோடு வாக்கில் நடந்தது. வெள்ளை மகாராணி நிஜமாகவே இருந்தவரா என்று அத்தை கேட்டார். போனை எடுத்துத் தேடினேன். முதல் வரியிலேயே பிறப்பு 1712, இறப்பு 1748 என்று கண்ணில் பட்டது. கதையில் அப்போது 1740களின் நடுப்பகுதி. என் முகம் போன போக்கைப் பார்த்தே அத்தை கண்டுபிடித்துவிட்டார். "செத்துருவாளா?" நான் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பிறகு அந்த அம்மா சிரித்துக்கொண்டு வந்தாலே இருவரும் வாயை மூடிக்கொண்டோம். சாதாரணக் கதை என்றால் அடுத்து என்ன ஆகும் என்று இன்னொருவர் சொன்னால்தான் கெடும். வரலாற்றுத் தொடரில் பெயரைத் தேடினாலே போதும். ஆகவே நாங்கள் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: ஒரு பாத்திரம் கதையைவிட்டுப் போனபிறகுதான் அந்த ஆளைப் பற்றித் தேட வேண்டும்.

அந்த விதிப்படி ஃபுச்சா போனபிறகு தேடிப் படித்ததில்தான் இந்தப் பொழுதுபோக்கு எனக்குப் பைத்தியமாக மாறியது.

தொடரில் அவருடைய குழந்தை தீ விபத்தில் இறக்கிறது. அந்தத் துயரத்தில் அவர் கோபுரத்திலிருந்து குதிக்கிறார். நிஜத்தில் குழந்தை யோங்சோங் இறந்தது பெரியம்மையால், 1748 தொடக்கத்தில், சீனப் புத்தாண்டுக்கு முந்தைய இரவு. அதற்குப் பத்து வருடம் முன்பே மூத்த மகன் யோங்லியனும் போய்விட்டான். கொஞ்ச நாளிலேயே பேரரசரோடு கிழக்குப் பயணம் கிளம்பிய ஃபுச்சா ஜினான் நகரில் நோயுற்று, திரும்பும் வழியில் தெசோ என்ற ஊரருகே படகில் உயிர்விட்டார். வயது 36. கோபுரம், குதித்தல் எதுவும் கிடையாது.

ஆனால் அதற்கப்புறம் நடந்ததை எந்தக் கதாசிரியர் எழுதினாலும் மிகை என்பார்கள். துக்கக் காலத்தின் நூறு நாளுக்குள் தலை மழித்த குற்றத்துக்காக உயர் அதிகாரிகள் இருவரைத் தற்கொலை செய்துகொள்ளச் சொல்லி உத்தரவிட்டார் சியன்லோங். சரியாக அழவில்லை என்று தன் மூத்த மகன்கள் இருவரைத் திட்டி, அரியணைக்கு ஆசைப்படாதீர்கள் என்றார். அவர்களில் மூத்தவன் இரண்டே வருடத்தில் இறந்துபோனான். ஃபுச்சா வாழ்ந்த சாங்சுன் மாளிகையை அவர் வைத்தது வைத்தபடி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்தார். பிற்பாடு ஜினான் வழியாகப் போனபோதெல்லாம் ஊருக்குள் நுழையவே இல்லை, நுழைந்தால் துயரம் தாங்காது என்று கவிதையும் எழுதினார். இந்த மனிதர் தன் வாழ்நாளில் நாற்பதாயிரத்துக்கும் மேல் கவிதை எழுதித் தள்ளியவர், பெரும்பாலும் சுமார் ரகம் என்கிறார்கள். ஃபுச்சாவுக்கு எழுதியவற்றை மட்டும் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

உடுப்பு விஷயத்தில் தொடர்க்காரர்களுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். ஃபுச்சா முத்தும் மரகதமும் அணியாமல் செயற்கைப் பூக்களையே தலையில் வைத்துக்கொள்வார் என்று சிங் வரலாற்றில் ஒரு வரி இருக்கிறது. தொடரில் அவர் தலையில் இருப்பதும் அதுதான், நான்ஜிங்கின் பட்டுப்பூ. நாயகிகள் ஒவ்வொரு காதிலும் மூன்று தோடு போட்டிருப்பதையும் கவனியுங்கள். அது மஞ்சுப் பெண்களின் வழக்கம். "மூணு ஓட்டையா? வலிக்காதா?" என்று அத்தைக்கு அதில்தான் கவலை.

இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன், வெட்கக்கேடானது. ஆபீஸில் மதியச் சாப்பாட்டின்போது ஒரு தோழியிடம், வெய் யிங்லுவோ நிஜ ஆள், ஃபுச்சாவின் தம்பி ஃபுஹெங்கை அவள் காதலித்தாள், பிறகு பேரரசரை மணந்தாள் என்று முழு நம்பிக்கையோடு கதை அளந்தேன். வீட்டுக்கு வந்து சரிபார்த்தால் பாதி காற்றோடு போயிற்று. அப்படி ஒரு பெண் இருந்தது உண்மை. 1727இல் பிறந்தவர், குலப்பெயர் வெய். ஆனால் அவருடைய சொந்தப் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை. 'யிங்லுவோ' தொடர்க்காரர்கள் வைத்தது. ஃபுஹெங்கும் நிஜ மனிதர்தான், பெரிய தளபதி, பர்மா படையெடுப்பில் நோய்ப்பட்டுத் திரும்பி 1770இல் இறந்தார். இருவருக்கும் காதல் என்பதற்கு ஒரு துண்டுச்சீட்டு ஆதாரமும் கிடையாது.

தேதிகளும் இடித்தன. தொடரில் ஃபுச்சா இறந்தபிறகுதான், பழிவாங்க வேண்டும் என்ற வெறியில், யிங்லுவோ பேரரசரின் மனைவியாகிறாள். நிஜ வெய் 1745லேயே குயிரென் ஆகி அதே வருடத்தில் 'லிங்' என்ற பட்டத்தோடு பின் நிலைக்கும் ஏறிவிட்டார். அதாவது ஃபுச்சா உயிரோடு இருந்தபோதே அவருக்குச் சக்களத்தி. இதைச் சொன்னதும் அத்தை இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை, ஏதோ நான்தான் துரோகம் செய்தமாதிரி.

அந்தக் கோபத்தைத் தணித்தது ஒரே ஒரு வரி. 1775இல் லிங் இறந்து, ஃபுச்சாவின் கல்லறைக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டபோது சியன்லோங் ஒரு கவிதை எழுதினார். அதில் ஒரு குறிப்பு: இவர் பேரரசியால் வளர்த்துப் பழக்கப்பட்டவர், இப்போது அவர் பக்கத்திலேயே இருக்கிறார். அவ்வளவுதான். வெள்ளை மகாராணி பொடிப்புள்ளைக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தது, கைபிடித்துத் தூரிகை ஓட்டியது என்று நாங்கள் கண்ணீர்விட்ட அத்தனை காட்சிக்கும் வேர் அந்த ஒரு வரி. அதைச் சுற்றி 70 எபிசோடு எழுதியிருக்கிறார்கள். நான் அத்தைக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப வளத்தது நெசந்தான்" என்றார்.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வழக்கம் ஒன்று உண்டு. 'இது உண்மையா பொய்யா' என்று கேட்பதை விட்டுவிட்டேன். 'ஆவணத்தில் இதைப்பற்றி எத்தனை வரி இருக்கிறது' என்று கேட்கிறேன். பட்டம் கொடுத்த நாள், பிள்ளை பிறந்த நாள், இறந்த நாள், புதைத்த இடம் ஆகியவை அரண்மனைப் பதிவில் சுத்தமாக இருக்கும். யார் யாரை வெறுத்தார்கள், யார் யாருக்கு விஷம் வைத்தார்கள் என்பதற்கு அநேகமாக ஒன்றும் இருக்காது. அந்த வெற்றிடத்தில்தான் கதாசிரியர்கள் வீடு கட்டுகிறார்கள்.

எவ்வளவு பெரிய வெற்றிடம் என்று தெரிய வேண்டுமானால் இதே லிங்கை மற்ற தொடர்களில் பாருங்கள். 1998இல் வந்த 'மை ஃபேர் பிரின்சஸ்' தொடரில் லிங் பாசக்கார அம்மா, ஃபுச்சாவுக்குப் பின் பேரரசியான நாரா வில்லி. யன்ஷி தொடரில் லிங் சண்டைக்காரி நாயகி. அதே 2018இல் வந்த 'ரூயீஸ் ராயல் லவ் இன் த பேலஸ்' தொடரில் எல்லாம் தலைகீழ். அங்கே நாராதான் நாயகி, லிங் படுபாதகி. நம் வெள்ளை மகாராணிகூட அதில் சூழ்ச்சிக்காரி! ஒரே அரண்மனை, ஒரே ஆட்கள், மூன்று தீர்ப்பு. ஆவணங்களை வைத்து மூன்றில் ஒன்றையும் சரியென்று நிறுவ முடியாது. தேதிகளை மட்டும் பார்த்தால் தெரிவது, லிங் 1748இல் ஃபெய், 1759இல் குயிஃபெய், 1765இல் ஹுவாங்குயிஃபெய், பத்து வருடத்துக்குள் ஆறு பிள்ளைகள். உயிரோடு இருந்தவரை பேரரசி ஆகவே இல்லை. சியன்லோங் 1773இல் லிங்கின் மகன் யோங்யனை ரகசியமாக வாரிசாக எழுதி வைத்தார். அந்த வழக்கம் அவருடைய அப்பா யோங்செங் கொண்டுவந்தது: பெயரை எழுதிப் பெட்டியில் போட்டு, சியன்சிங் மாளிகையில் அரியணைக்கு மேலே தொங்கும் பலகையின் பின்னால் வைத்துவிடுவார்கள். அது வெளியே வந்தது 1795இல், அம்மா செத்து இருபது வருடம் கழித்து. அப்போதுதான் அவருக்குப் பேரரசிப் பட்டம் சூட்டினார்கள். அந்த மகன்தான் ஜியாச்சிங் பேரரசர்.

நாராவின் கதைதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. 1765 தெற்குப் பயணத்தில், ஹாங்சோவில், அவர் தன் கூந்தலைத் தானே வெட்டிக்கொண்டார். மஞ்சு வழக்கப்படி மனைவி கூந்தலை வெட்டுவது கணவன் சாவு போன்ற பெருந்துக்கத்தில்தான். பேரரசர் உயிரோடு இருக்கும்போது அதைச் செய்தால் என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை. ஏன் செய்தார் என்பதற்கு யன்ஷி ஒரு காரணம் சொல்கிறது, ரூயீ இன்னொன்று சொல்கிறது. ஆவணம் சொல்வது சாப்பாட்டுக் கணக்குதான். பயணத்தின் சாப்பாட்டுப் பதிவேட்டில் அன்று காலை பேரரசி நாராவுக்கு உணவு அனுப்பிய குறிப்பு இருக்கிறது. மாலைச் சாப்பாட்டில் அவர் இல்லை. அடுத்த வருடம் இறந்தார், தனிக் கல்லறைகூடக் கிடைக்கவில்லை. சியன்லோங் அதன்பின் உயிரோடிருந்த வேறு யாரையும் பேரரசி ஆக்கவில்லை. 1778இல் ஜின் சோங்ஷன் என்ற படித்த மனிதர் இந்த விவகாரத்தைக் கிளறி மனுக் கொடுத்தார், அவர் தலை போயிற்று.

இந்தமாதிரி சமையல் கணக்குகளைத் தேடுங்கள் என்பேன். அரசியல் வரலாறு எழுதுகிறவர்கள் மறைப்பதை அரிசி பருப்புக் கணக்கு எழுதுகிறவன் மறைக்க மாட்டான். தொடரில் லிச்சி மரங்களைத் தொட்டியில் வைத்துத் தெற்கிலிருந்து கொண்டுவரும் காட்சி வரும். கற்பனை என்று நினைத்தேன். ஃபூஜியனிலிருந்து உண்மையாகவே தொட்டி மரங்கள் வந்திருக்கின்றன. 1760இல் ஒரு நாளின் பங்கீட்டுக் குறிப்புகூட இருக்கிறது: பேரரசரின் தாய்க்குப் பழம் இரண்டு. பேரரசி, லிங் குயிஃபெய் முதலாக மற்றவர்களுக்குத் தலைக்கு ஒன்று. இவ்வளவு பெரிய ராஜ்யத்தில் ஒரே ஒரு லிச்சி!

நடுவில் என் கணவர் வேலையாகப் பெய்ஜிங் போனார். தொடரில் யிங்லுவோ வாழும் யன்ஷி மாளிகையை நிஜமாகவே படம் எடுத்து வரச் சொன்னோம், ஏனென்றால் தொடரை எடுத்தது செஜியாங் மாகாணத்து ஹெங்தியன் ஸ்டுடியோ செட்டில். மனிதர் திங்கள்கிழமை பார்த்துப் போயிருக்கிறார். அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை. மறுநாள் போகலாம் என்றால் பாஸ்போர்ட் எண்ணோடு முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். எப்படியோ கிளம்பும் நாளுக்கு ஓர் இடம் கிடைத்தது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை டிக்கெட் 60 யுவான், மற்ற மாதங்களில் 40. தெற்கு வாசல் வழியாக நுழைந்து வடக்கு வாசலில் வெளியே வரும் ஒருவழிப் பாதை, அதனால் கிழக்கு ஆறு மாளிகைகளைத் தவறவிட்டு வெளியேறிவிட்டால் அவ்வளவுதான். யன்ஷி அந்தக் கிழக்குப் பக்கம்.

அவர் அனுப்பிய படத்தைப் பார்த்து நாங்கள் இருவரும் தப்பான இடத்துக்குப் போய்விட்டார் என்றே நினைத்தோம். இரும்புத் தூண்களும் சலவைக்கல்லுமாக, பாதி கட்டி விட்ட ஒரு கூடு. சரிபார்த்தால் இடம் சரிதான். பழைய யன்ஷி மாளிகை 1845இல் தீயில் எரிந்துபோயிருக்கிறது. 1909இல் அந்த இடத்தில் சுற்றிலும் தண்ணீர், கண்ணாடிக்குப் பின்னால் மீன்கள் என்று ஒரு நீர்மாளிகை கட்டத் தொடங்கினார்கள். 1911 புரட்சியோடு வேலை நின்றது. அரசமரபே முடிந்துபோனது. கட்டடம் அப்படியே நிற்கிறது.

"இதா நம்ம புள்ள ஊடு?" என்று அத்தை படத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். கல்லறையைப் பற்றியும் சொன்னேன். 1928இல் சுன் தியன்யிங் என்பவனின் படை வெடி வைத்துச் சியன்லோங் கல்லறையைக் கொள்ளையடித்தது. பிறகு உள்ளே போனவர்கள் ஒரு பெண்ணின் உடல் மட்டும் சிதையாமல் கிடந்ததைக் கண்டு, அது லிங்தான் என்று முடிவுசெய்தார்கள். அத்தை "சும்மாவா" என்றார். நான் அதற்கு விளக்கம் கேட்கவில்லை.

இப்போது ரூயீ தொடர் ஓடிக்கொண்டிருக்கிறது. 87 எபிசோடு. நாங்கள் 40ஐத் தாண்டிவிட்டோம். அத்தை நன்றாக நடக்கிறார், ஆனாலும் ஏழரை மணிக்குக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவார். லிங்காக வரும் பெண் திரையில் ஏதாவது கொடுமை செய்யும்போதெல்லாம் என் பக்கம் திரும்புகிறார்.

"கண்ணு, இதுக்கு எத்தன வரி இருக்குது?"

"ஒண்ணும் இல்லைங்க அத்தை."

"அப்பத் தள்ளி ஓட்டு."